மஞ்சள் கலந்த வெண்ணெய்

குருவம்மாள் அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கத்தான் வந்தாள். பின்வாசல் வழியாக வந்து, தொட்டியடியில் உட்கார்ந்து தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, வந்த வழியே போய்விட வேண்டும். அடுப்படிக்குள் கால் வைக்க அவளுக்கு ஆறு வருஷம் ஆனது. அதுவும் முதலாளியம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போன பிறகுதான். வலி வந்தால் பெரிய வீட்டு ஆசாரமெல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வீட்டில் எல்லோரும் அவள் கையால்தான் சாப்பிட்டார்கள்.

நான் அதே வீட்டில் கார் ஓட்டினேன். பெயர் பலவேசம். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த சீனிவாசகம் முதலாளிக்குப் பதினெட்டு வருஷம் டிரைவர். வீட்டில் முதலாளி, அவர் மனைவி செல்லக்கனியம்மா, மகன், மருமகள் யோகேஸ்வரி. மகன் வருஷத்தில் பாதி நாள் ஆர்டர் பிடிக்க வடக்கே போய்விடுவார், ஆகவே இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

குருவம்மாளுக்கு ஊர் திருத்தங்கல் பக்கம். அப்பன் மிளகாய்க் காட்டில் கூலி. ஒன்பது வயதில் இவளைத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்க அனுப்பினார்கள். விடியும் முன்பே வேன் வந்து தூங்குகிற பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற காலம் அது. பிறகு கல்யாணம். புருஷன் சோணைமுத்து வெடி வேலைக்குப் போனான், ஆனால் வெடியில் சாகவில்லை, மஞ்சள் காமாலையில் செத்தான். வெடியில் செத்திருந்தால் நாலு பேர் வந்து எட்டியாவது பார்த்திருப்பார்கள். பானுப்பிரியா என்று ஒரே மகள். அவளைப் பத்தாவது வரை படிக்கவைத்து, எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்த்துவிட்டு, அச்சுப் பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒரு பையனுக்குக் கட்டியும் கொடுத்தாள்.

இந்தக் குருவம்மாளிடம் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கை சுத்தம். பதினைந்து வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. செல்லக்கனியம்மா திருச்செந்தூருக்குப் போனால் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுக்க மாட்டார், குருவம்மாளிடம்தான் கொடுப்பார். அந்தப் பெயர்தான் மகளையும் கம்பெனியில் வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குத் திருட்டுப் பட்டம் விழுந்துவிட்டால் அது அன்று சாயங்காலமே வேனில் ஏறி எல்லாக் கம்பெனி கேட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அந்த வீட்டு ஆளை எவனும் உள்ளே விடமாட்டான். இது குருவம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது, முதலாளிக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். நெய், வெண்ணெய், டால்டா மூன்றும் இனி வாசல்படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். முதலாளிக்கு ஸ்டென்ட் வைத்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை, வெண்ணெய் போனதுதான் பெரிய இடி. காலையில் தோசைக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவு வெண்ணெய் வைக்க வேண்டும். அது உருகித் தட்டின் ஓரத்துக்கு ஓடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான் கை வைப்பார். நாற்பது வருஷப் பழக்கம்.

யோகேஸ்வரி கோயம்புத்தூரில் படித்தவர். கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு, மதுரையில் ஒரு பெரிய கடையிலிருந்து மார்ஜரின் டப்பா வாங்கிவரச் சொன்னார். நான்தான் வாங்கி வந்தேன். மூடியில் சிவப்பாக ஓர் இருதயம் போட்டிருந்தது. சிவகாசிக்காரனுக்கு டப்பாவில் போட்ட படத்தைப் பார்த்து மயங்கத் தெரியாது. லேபிள் அடிப்பதே நாங்கள்தானே. இருதயம் கேட்டால் இருதயம் அடிப்போம், தாமரை கேட்டால் தாமரை அடிப்போம்.

"வெண்ணெய் மாதிரியேதான் மாமா இருக்கும். தாவர எண்ணெயில செஞ்சது. கொலஸ்ட்ராலே கெடையாது" என்று யோகேஸ்வரி எடுத்துச் சொன்னார்.

முதலாளி ஒரு விள்ளல் வாயில் போட்டார். மருமகளை ஒன்றும் சொல்ல முடியாது. பெண்டாட்டி பக்கம் திரும்பி, "ஏ செல்லக்கனி, காலண்டர் ஒட்டுத பசையக் கொண்டாந்து தடவிக் குடுக்கியா?" என்று கத்தினார்.

ஐப்பசியில் யோகேஸ்வரி இன்னொன்று படித்தார். மார்ஜரினிலும் மோர்ப்பொடி சேர்க்கிறார்களாம், அதுவும் ஆகாதாம். சென்னையில் இருந்த தம்பியிடம் சொல்லி, பாலே சேராத வெளிநாட்டு டப்பா ஒன்றை வரவழைத்தார். ஆலிவ் எண்ணெயில் செய்ததாம். செல்லக்கனியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பால் சேராத வெண்ணெயா? மாடு கேட்டா சிரிக்கும்" என்றார். முதலாளி அன்று தட்டைத் தள்ளிய வேகத்தில் சட்னி சுவரில் போய் அப்பிக்கொண்டது. குருவம்மாள்தான் துடைத்தாள். பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு மறுபடி மார்ஜரினுக்கே வந்தார்கள்.

முதலாளி சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போனார். சட்டை தோளில் நிற்கவில்லை. ஒரு நாள் காரில் ஏறப்போன செல்லக்கனியம்மா ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏ பலவேசம், அவுகளுக்கு நெஞ்சு நோவுல உசுரு போகாது. இந்தப் பசையத் தின்னே போயிரும். வெள்ளிக்கெளம விருதுநகர் போறேல்ல, நல்ல எரும வெண்ணெயா கால்கிலோ வாங்கிட்டு வந்துரு. சின்னவளுக்குத் தெரியக்கூடாது."

வெள்ளிக்கிழமைகளில் லைசென்ஸ் காகிதங்களோடு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போவேன். திரும்பும்போது விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அந்த அம்மா தீர்ந்து போன மார்ஜரின் டப்பாவில் வெண்ணெயைப் போட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் போட்டுப் பிசைந்தார். வெள்ளை வெண்ணெய் மார்ஜரின் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த டப்பாவைப் பிரிட்ஜில் பின்வரிசையில் ஒளித்து வைத்துவிட்டு, காலையில் முதலாளிக்கு இதிலிருந்துதான் தடவ வேண்டும் என்று குருவம்மாளிடம் சொன்னார்.

"டாக்டரு வேணாம்னாகளேம்மா" என்றாள் குருவம்மாள்.

"எம்புருசனப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் சொல்லுதேன், நீ தடவு."

அன்றைக்குச் சாயங்காலம் குருவம்மாள் ஷெட்டுக்கு வந்து என்னிடம் முறையிட்டாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நீங்க வாங்காம இருந்தீகன்னா போதுமே" என்றாள். நமக்கு எதுக்கு வம்பு, சொன்னதைச் செய்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்தது இது மட்டுமில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகும் முதலாளி காரில் ஏறிய உடனே சிகரெட் பற்றவைப்பார். அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. டிரைவர் என்றால் கண்ணுக்கு முன்னால் ரோடு மட்டும்தான் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

மறுநாள் முதலாளிக்குத் தோசை போனது. செல்லக்கனியம்மா பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். முதலாளி ஒரு வாய் போட்டுவிட்டு, "இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றார். வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நானும் வெண்ணெய்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் நல்ல மழை. வேலை முடித்த குருவம்மாளை வீட்டில் இறக்கிவிடச் சொன்னார் செல்லக்கனியம்மா. அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, தலையைத் துடைக்கத் துண்டு கேட்டு உள்ளே போனேன். பானுப்பிரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம். கையில் ஒரு கிண்ணம், அதில் தட்டிய கருப்பட்டி, அதன் மேல் மஞ்சள் நிறத்தில் வெண்ணெய். நான் வாங்கிய வெண்ணெய் எனக்குத் தெரியாதா?

குருவம்மாள் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, மொதலாளிக்கு நான் ஒரு நாளும் இதக் குடுக்கலண்ணே. சின்னம்மா வாங்குத டப்பாவத்தான் தடவுதேன். நெஞ்சடைச்சுப் பொளைச்ச மனுசனுக்கு, டாக்டரு ஆகாதுன்னத நான் எப்படிண்ணே தடவுவேன்?"

"அப்ப மொதலாளி வெண்ணெய்னுல்ல திங்காக?"

"அம்மா வெண்ணெய்னு சொல்லியிருக்காக. அவுகளும் வெண்ணெய்னு திங்காக. மேல கொஞ்சம் இட்லிப் பொடியத் தூவிருதேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம் வெண்ணெய் தின்ற நாக்கு! ஒரு கண் சிமிட்டலில் பசை வெண்ணெயாகிவிட்டது. குருவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டப்பா கொறையலன்னா அம்மா கேப்பாகல்ல. மொத வாரம் வெந்நீல கரைச்சுத் தொட்டியில ஊத்துனேன். தூம்பு அடைச்சுக்கிருச்சு. பெறகு தூரப் போட மனசு வரல. இவளுக்கு ஒடம்புல ரத்தமே இல்லன்னு ஆசுபத்திரியில சொல்லிட்டாக. வெண்ணெய் தின்னா புள்ள லேசாப் பெறக்கும்பாகல்ல. யார்ட்டயும் சொல்லிராதீகண்ணே. திருடின்னு பேரு வந்தா நான் நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்."

சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த வாக்கை மட்டும் நன்றாகக் காப்பாற்றினேன்.

மாசியில் பானுப்பிரியாவுக்குப் பையன் பிறந்தான். பங்குனியில் முதலாளி செத்துப் போனார். காலையில் குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுரைக்குப் பறந்தேன். திருமங்கலம் தாண்டும்போது பின்சீட்டில் செல்லக்கனியம்மா அலறினார். எது கொன்றது என்று எனக்குத் தெரியாது. வயது அறுபத்து நான்கு. வெண்ணெய் இல்லை என்பது மட்டும் தெரியும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள், சமையல்காரர்கள் சாமான் வைக்க இடம் வேண்டுமென்று யோகேஸ்வரி பிரிட்ஜை ஒழித்தார். பின்வரிசையில் டப்பா கிடைத்தது. திறந்தவர் மோந்து பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் உறவுக்காரர்கள் எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

"இது வெண்ணெய்! மஞ்சத்தூள் போட்டு வச்சிருக்காங்க. நான் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தா, மாமாவுக்கு இதையா தடவிக் குடுத்தீங்க?" என்று நேராகக் குருவம்மாளிடம் வந்தார். "யார் வாங்கிட்டு வந்தது இத?"

குருவம்மாள் செல்லக்கனியம்மாவைப் பார்த்தாள். செல்லக்கனியம்மா பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தபந்தம் முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். வெண்ணெய் கொடுத்துப் புருஷனைக் கொன்றேன் என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தார், பாவம். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தலையைத் தூக்காமலே, "அடுப்படியெல்லாம் அவ பொறுப்புத்தான். எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

யோகேஸ்வரி என் பக்கம் திரும்பினார். "பலவேசம், உங்களுக்குத் தெரியுமா?"

"நான் வண்டி ஓட்டுதவன்ம்மா" என்றேன்.

குருவம்மாள் அப்போதும் வாய் திறக்கவில்லை. அம்மா சொல்லித்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு விதவையை முப்பது பேருக்கு முன்னால் இழுத்துவிட அவளுக்கு மனசு வந்திருக்காது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன், ஏன் சும்மா இருந்தாய் என்று.

"என்னத்தண்ணே சொல்ல? அம்மா சொல்லித்தான்னு சொன்னா, நீ ஏன் குடுத்தம்பாக. நான் குடுக்கவே இல்லன்னு சொன்னா, வெண்ணெய் எங்கம்பாக. கொன்னுட்டான்னு சொன்னா ஊரு நாலு நா பேசிட்டு விட்ரும். வெண்ணெய் தின்னு யாரு செத்தான்னு சிரிக்கவும் செய்யும். திருடின்னு சொன்னா, எம்மகள எந்தக் கம்பெனி வேன்ல ஏத்துவாக?"

கணக்குச் சரிதான். அவளை மட்டும்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள். பேறு முடிந்து ஐந்தாவது மாதம் பானுப்பிரியா மறுபடி பேக்கிங் வேலைக்கு வந்துவிட்டாள். ஆனால் முதலாளிக்கு வெண்ணெய் தடவிக் கொன்றவள் என்று பேர் வாங்கியவளைச் சிவகாசியில் எந்த அடுப்படியிலும் சேர்க்கவில்லை. மூன்று வீட்டில் போய்க் கேட்டாள், மூன்று வீட்டிலும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பேரனைப் பார்த்துக்கொண்டு, வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுத்தாள். நாற்பத்தெட்டு வயதில் மறுபடி பசையில் கை. எதிரே வந்தால் என்னிடம் முகம் கொடுத்துப் பேசத்தான் செய்தாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பக்கம் செல்லக்கனியம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மாத்திரை போட்டாலும் தூங்குவதில்லை. தட்டில் தோசையைப் பார்த்தாலே அழுவார். வெண்ணெய் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. யோகேஸ்வரி மூன்று டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒன்றும் பலிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருவம்மாள் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். இன்றைக்காவது ஒரு நல்லது நடக்கப் போகிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தானே வருகிறார் என்று நினைத்தேன்.

குருவம்மாள் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்து போட்டாள். பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "வாங்கம்மா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். நான் கதவோரம் நின்றேன்.

செல்லக்கனியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "நாந்தானே குருவம்மா அவுகளக் கொன்னேன். ஒம்மேல பளியப் போட்டுட்டு நான் கெடந்து சாகுதேன். கண்ண மூடுனா அவுக தட்ட நீட்டிக்கிட்டு நிக்காக."

குருவம்மாள் என்னைப் பார்த்தாள். சொல்லவா என்று கேட்கிற பார்வை. நான் வெளியே காரைப் பார்த்தேன்.

அவளால் பொறுக்க முடியவில்லை. பதினைந்து வருஷம் சோறு போட்ட கை அவள் கையைப் பிடித்து அழுகிறது. "அளாதீகம்மா. நீங்க கொல்லல. நான் அந்த வெண்ணெய மொதலாளிக்குக் குடுக்கவே இல்லம்மா" என்றாள்.

அம்மாவின் அழுகை நின்றது. "ஒரு நா கூடவா?"

"ஒரு நா கூட இல்லம்மா. எம்பேரன் மேல சத்தியம். சின்னம்மா வாங்குன டப்பாவத்தான் தடவுனேன். நீங்க வெண்ணெய்னு சொன்னீக, அவுகளும் நம்பித் தின்னாக. சந்தோசமாத்தான் தின்னாக."

செல்லக்கனியம்மா கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகம் அப்படியே தெளிந்தது. குருவம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி அண்ணாந்து குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"பெறகு அம்புட்டு வெண்ணெயும் எங்க போச்சு?"

குருவம்மாள் செம்பைப் பிடித்தபடி நின்றாள். "பானு அப்ப புள்ளத்தாச்சிம்மா. தூரப் போட மனசு வரல..."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார் செல்லக்கனியம்மா. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார், அலமாரியில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்டுச் சாவியவே ஒங்கையில குடுத்துட்டுப் போனேனே. இன்னும் என்னென்ன போச்சோ, யாரு கண்டா?"

குருவம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்னைத்தான் பார்த்தாள். வெண்ணெயைத் தொட்டியில் கொட்டி அடைத்த கதையிலிருந்து எல்லாம் எனக்குத் தெரியும். வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். "நேரமாச்சும்மா, கெளம்பலாம்" என்றேன்.

திருத்தங்கல் ரயில்வே கேட் தாண்டுவதற்குள் செல்லக்கனியம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, குறட்டை கூட வந்தது. வீடு வந்த பிறகு எழுப்பவே மனசு வரவில்லை, அப்படி ஒரு தூக்கம். இறங்கும்போது ஒரு விஷயம் சொன்னார். நாளையிலிருந்து பானுப்பிரியாவை வேனில் ஏற்ற வேண்டாம், திருட்டுக் குடும்பத்து ஆள் கம்பெனிக்குள் வேண்டாம், காலையில் நேரத்தோடு போய்ச் சொல்லிவிடு என்றார்.

நான்தான் போய்ச் சொன்னேன்.